கப்பல் வராத கதை

காய்கறி லோரிகளுக்குப் பின்னால் ரிங்லெட் ஊருக்குப் போகும் பஸ் அசையாமல் நின்றது. எரிச்சலோடு உட்கார்ந்திருந்தேன். முன்சீட்டில் ஒருத்தி புருஷனிடம் பேசினாள்.

"அந்த விண்வெளி கேம் ரெண்டாம் பாகத்த ஏன் பாதியில விட்டேன் தெரியுமா? கேப்டன் மாட்டுறப்பெல்லாம் எங்கேருந்தோ ஒரு கப்பல் வந்து காப்பாத்துது. உங்க கதையும் அப்படித்தான் லா."

"என்ன கதை?"

"வேலை நேரத்துல டவுன்ல நிக்கிறீங்க. நேத்து கேட்டா எஸ்டேட்டுல மோட்டார் கெட்டுச்சு, கணக்கெழுதுற கிராணியே லீவு குடுத்தாருன்னீங்க. முந்தாநாளு கேட்டா தொரையே வீட்டுக்குப் போகச் சொன்னாருன்னீங்க."

"நெசமாத்தான் சொல்றேன்."

"யாரும் வந்து காப்பாத்தாத கதை ஒண்ணு சொல்லுங்க, நம்புறேன்."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"போன வாரமே வேலைய விட்டு நிறுத்திட்டாங்க."

அவள் அவன் தோளைத் தொட்டுக் கேட்டாள்.

"அப்ப தினமும் நான் கட்டிக் குடுத்த சோத்த எங்க உக்காந்து தின்னீங்க?"