மூன்று முறை சம்மதம்

— அந்த ரைஸ் குக்கரை எதுக்கு உள்ள திணிக்கற, யூலான்? கரண்டு செத்து மாசம் ரெண்டாச்சு.

— இந்தக் கீலுங் ஊர்லதான் செத்துச்சு. இலான்ல எங்கண்ணன் வயக்காட்டு வீட்டுல சோலார் தகடு போட்டிருக்கான். நீங்க வாயை மூடிக்கிட்டு இந்தக் கயித்தைப் பிடிங்க. இழுத்துக் கட்டணும்.

— நான் வரேன்னு சொல்லவே இல்லையே.

— வரேன்னும் சொல்லல, வரலேன்னும் சொல்லல. நாலு நாளா இதே பாட்டுத்தான். கேஸ் சிலிண்டர் போடற ஷுமேய் காலைல பத்து மணிக்கு லாரியை எடுத்துருவா. இப்பவே ஒன்பதரை. இன்னிக்கு விட்டா நாளைக்குக் கடலோர ரோடு இருக்குமான்னு யார் கண்டா?

— இருக்கட்டும். ஷிஹாங் வரட்டும். அப்புறம் மூணு பேருமாப் போவோம்.

— அவன் என்ன பச்சைப் பிள்ளையா? இருபத்தாறு வயசு. நம்மளைக் காணோம்னா மாமா வீட்டுக்கு வரத் தெரியாதா? கதவுல எழுதி ஒட்டியிருக்கேன். மாடிப்படிச் சுவத்துலயும் எழுதியிருக்கேன். லிப்ட்டு கதவுலயும் எழுதியிருக்கேன்.

— ஓடாத லிப்ட்டுல எழுதி என்ன பண்ண?

— ஓடாததுனாலதான் அழியாம இருக்கும். பிடிங்க கயித்தை!

— என் மாத்திரைக்குத்தான் போனான், யூலான். என் நெஞ்சுக்கு. தாய்பேய்ல ஒரு கடைல இன்னும் இருக்குன்னு எவனோ சொன்னானாம். பைக்ல ஒரு மணி நேரத்து வழி. ‘மத்தியானச் சோத்துக்கு வந்துருவேன்ப்பா’ன்னான்.

— தெரியும். நானும் இங்கதான் இருந்தேன்.

— ஒன்பது மத்தியானம் ஆச்சு.

— சுரங்கப்பாதையை மூடிட்டாங்களாம். மலையைச் சுத்தி வரணும். பெட்ரோல் தீந்திருக்கும். நடந்து வரான்னு வெச்சுக்கோங்க. எவனாவது நல்லவன் வீட்டுல தங்கிக்கூட இருப்பான். என் பிள்ளை பூனை மாதிரி. எங்க தூக்கிப் போட்டாலும் நாலு காலையும் ஊனி நிப்பான்.

— பூனைன்னாலும், நாய்ங்க கூட்டமா வந்து சூழ்ந்துக்கிட்டா...

— சீ! வாயைக் கழுவுங்க. நல்லதே வராதா அந்த வாயில? இங்க ஜன்னல்கிட்ட வாங்க. வந்து பாருங்க.

— என்னத்தைப் பாக்கறது? மழை.

— மழைக்குப் பின்னாடி பாருங்க. புகை. நேத்து கால்வாய்க்கு அந்தாண்ட இருந்துது. இப்போ இந்தாண்ட. மழைலயே இந்த எரி எரியுதுன்னா, வெயில் அடிச்சா என்ன ஆகும்? யார் வந்து அணைப்பா? தீயணைப்பு வண்டி டயரைக்கூடக் கழட்டிக்கிட்டுப் போயிட்டானுங்க.

— துறைமுகத்தைப் பாத்தியா? இருபத்தாறு வருஷம் இழுவைப் படகு ஓட்டினேன். ஒரு கப்பல்கூட இல்லாம இந்தத் தண்ணியை நான் பாத்ததே இல்ல. மொட்டைத் தலை மாதிரி இருக்கு.

— கப்பல் வந்தவரைக்கும் ஊர் சாப்பிட்டுது. கப்பல் நின்னுது, அரிசி நின்னுது, எண்ணெய் நின்னுது. பேங்க்கை மூடினான், போலீஸ்காரன் பொண்டாட்டி பிள்ளையைக் கூட்டிக்கிட்டு ராவோட ராவாப் போயிட்டான். அவ்வளவுதான் கதை. இதுக்கு மேல இங்க யாருக்காக உக்காந்திருக்கணும்?

— யாருக்காகன்னு உனக்குத் தெரியும்.

— ...கதவைத் தட்டறாங்க. இருங்க. பேசாதீங்க. யாரு?

— நான்தான்கா, ஷுமேய். தொற.

— சத்தம் போட்டு வந்தா என்னடி? உசுரே போயிடுச்சு.

— அட போக்கா! முப்பது வருஷமா இந்த அஞ்சு மாடியும் கேஸ் சிலிண்டரைத் தோள்ல வெச்சுக்கிட்டு ஏறினவ நான். அப்பல்லாம் முட்டி வலிக்கல. இன்னிக்கு வெறுங்கையோட ஏறினா மூச்சு வாங்குது. பயத்துக்குத்தான் எடை ஜாஸ்தி போலிருக்கு. என்ன அண்ணே, கிளம்பலையா? இன்னும் வீட்டுச் செருப்போட நிக்கறீங்க?

— இருக்கட்டும், ஷுமேய். உக்காரு.

— உக்காரவா? கீழ பதினாலு பேரை மத்தி மீன் மாதிரி அடுக்கி வெச்சிருக்கேன். ரெண்டு இடம்தான் பாக்கி. அது உங்களுக்கு. முக்குல தடியும் கத்தியுமா நிக்கறானுங்களே, அவனுங்களுக்கு ரெண்டு சிலிண்டர் குடுத்து வாயை அடைச்சிருக்கேன். பத்து மணி வரைக்கும் பாக்க மாட்டோம்னானுங்க. பத்து அஞ்சுக்குப் பாப்பானுங்க.

— கேட்டீங்களா? கேட்டுக்கோங்க!

— ஷுமேய், நீ முந்தாநாள் தாய்பேய் ரோட்டுல போனியே.

— பாதி தூரம் போனேன். டீசல் கிடைக்குமான்னு. கிடைக்கல, திரும்பிட்டேன்.

— வழில நீலக் கலர் பைக் ஏதாவது பாத்தியா? பின்னாடி மீன் பெட்டி கட்டினது.

— நான் ரோட்டை மட்டும்தான் பாத்தேன் அண்ணே.

— ரோட்டு ஓரத்துல?

— ஓரத்தைப் பாக்கல. பாக்கக் கூடாதுன்னே பாக்கல. அக்கா, அந்தப் பெரிய மூட்டையை இப்படித் தள்ளு. நான் எடுத்துக்கிட்டு இறங்கறேன்.

— கொஞ்சம் இருடி. இவரை என்ன பண்ணச் சொல்ற? கல்லு மாதிரி நிக்கறாரு பாரு. நாப்பது வருஷமா என் பேச்சைக் கேட்டதில்ல. இன்னிக்கா கேக்கப் போறாரு?

— பொண்டாட்டி பேச்சைக் கேக்காதவர் கடல் சாமி மாஜு அம்மா பேச்சையாவது கேப்பாரா? பிறைக்கட்டையைத் தரையில போட்டு உத்தரவு கேக்கச் சொல்லு. எங்க தெருவுல மூணு வீட்டுல அப்படித்தான் கிளம்பினாங்க.

— அதான் சரி! இந்தாங்க, மாஜு அம்மாகிட்ட உத்தரவு கேளுங்க. அவ போன்னு சொன்னா வருவீங்கல்ல? சொல்லுங்க. வருவீங்களா, மாட்டீங்களா?

— அவ சொன்னா வரேன்.

— ஷுமேய், நீதான் சாட்சி. சரி, மண்டி போடுங்க.

— அவ எங்க? மாடம் காலியா இருக்கே.

— பைக்குள்ள. செகப்புத் துணில சுத்தி வெச்சிருக்கேன். ஊதுவத்திச் சட்டிச் சாம்பல்லயும் ஒரு பிடி எடுத்துக்கிட்டேன்.

— அவகிட்ட ஒரு வார்த்தை கேக்காமலே மூட்டை கட்டிட்டியா? நான் வரதுக்கு மட்டும் உத்தரவு வேணுமா?

— கடல்ல போறவங்களைக் காப்பாத்தறவ, லாரில போனா கோவிச்சுக்குவாளா? அதெல்லாம் எனக்கும் அவளுக்கும் உள்ளது. இதோ, எடுத்து வெச்சுட்டேன். தாயே, மன்னிச்சுக்கோ, மறுபடியும் எழுப்பிட்டேன். இந்தாங்க பிறைக்கட்டை ரெண்டும். ஊதுவத்தி ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. ஷுமேய், லைட்டர் குடு.

— லைட்டர் இருக்கு. சீக்கிரம் அண்ணே. சாமிக்கு நேரம் உண்டு, எனக்கு இல்ல.

— பேரு, பிறந்த தேதி, விலாசம் எல்லாம் சொல்லிட்டுக் கேளுங்க.

— முப்பத்தோரு வருஷமா இதே சுவத்துல இருக்கறவளுக்கு என் விலாசம் தெரியாதாக்கும்.

— முறைன்னு ஒண்ணு இருக்கில்ல? வாய்விட்டுக் கேளுங்க. எனக்கும் காதுல விழட்டும்.

— இப்பத்தான் அவளுக்கும் உனக்கும் உள்ளதுன்னு சொன்ன. இது எனக்கும் அவளுக்கும் உள்ளது. மனசுக்குள்ளதான் கேப்பேன்.

— சரி, மனசுக்குள்ளயே கேளுங்க. கேட்டாச்சா?

— ...கேட்டாச்சு.

— போடுங்க.

— எங்க விழுந்துது? மழை இருட்டுல ஒண்ணும் தெரியல.

— இங்கண்ணே, நாற்காலிக்கு அடில ஒண்ணு. இதோ இன்னொண்ணு. ரெண்டும் குப்புறக் கிடக்கு.

— ரெண்டுமா? நல்லாப் பாத்தியா?

— ரெண்டும் கவுந்துதான் கிடக்கு. மாட்டேன்னுட்டா அம்மா.

— அப்பாடா.

— என்ன அப்பாடா? முகத்தைப் பாரு ஷுமேய், லாட்டரி விழுந்த மாதிரி!

— ஆமாக்கா. அண்ணன் பல்லைப் பாத்து ரொம்ப நாளாச்சு.

— போதும். கேட்டாச்சு, பதில் வந்தாச்சு. கட்டையை உள்ள வை.

— உங்களுக்குப் பிடிச்ச பதில் வந்ததும் கடையைக் கட்டறீங்களா? மூணு சுத்து கேக்கலாம். ஒரு சுத்துல மூணு சம்மதம் சேந்தாப்புல விழுந்தாத்தான் உத்தரவு. எங்கம்மா காலத்துலேருந்து அதான் வழக்கம். எடுங்க.

— யூலான்...

— எடுங்கன்னேன்!

— இருக்கட்டும். இதோ. ...ம்.

— ஒண்ணு நிமிந்திருக்கு. ஒண்ணு கவுந்திருக்கு. சம்மதம்! பாத்தீங்களா? ஒண்ணு ஆச்சு. மறுபடி.

— ம்.

— ஒண்ணு நிமிந்து, ஒண்ணு கவுந்து. ரெண்டு! தாயே, மகராசி, இன்னும் ஒண்ணே ஒண்ணு. இன்னும் ஒரே ஒரு சம்மதம் குடு. இலானுக்குப் போன முதல் நாளே உனக்குப் பழத்தட்டு வெக்கறேன்.

— நீ எதுக்கு நடுவுல வேண்டற? பேசாம இரு.

— வேண்டினா என்ன? போடுங்க.

— ம்.

— ரெண்டும் நிமிந்து கிடக்கு. அடச்சே! சிரிக்கறா அண்ணே. அம்மா பதில் சொல்லாம உங்களைப் பாத்துச் சிரிக்கறா.

— சிரிக்கட்டும். அவ சிரிக்கறதே போதும்.

— போதாது. முதல்லேருந்து மூணு சேந்தாப்புல விழணும். கடைசிச் சுத்து. ஷுமேய், மணி என்ன?

— பத்துக்குப் பதிமூணு நிமிஷம். அக்கா, நான் மூட்டையைத் தூக்கிக்கிட்டு இறங்கறேன். ஒரு தடவை ஹாரன் அடிப்பேன். ரெண்டாந்தடவை அடிக்க மாட்டேன். கோவிச்சுக்காத.

— போ. நாங்க வந்துட்டே இருக்கோம். படி பாத்து இறங்கு. ...அது என்ன சத்தம்?

— கடைக் கண்ணாடியை உடைக்கறானுங்க. நம்ம தெருதான்.

— இவ்வளவு கிட்டயா? ஐயோ, போடுங்க, சீக்கிரம் போடுங்க!

— ம்.

— சம்மதம். ஒண்ணு. போடுங்க.

— ம்.

— சம்மதம். ரெண்டு! என்னங்க, ஏன் சுவத்துல சாஞ்சுட்டீங்க?

— ஒன்பது நாளா மாத்திரை இல்லையே.

— இன்னும் ஒண்ணுதான். போட்டுட்டு என் தோளைப் பிடிச்சுக்கிட்டு இறங்குங்க.

— யூலான், இத்தோட நிறுத்திக்கலாம்.

— என்னது?

— நான் வரேன். செருப்பை மாத்திக்கறேன். கட்டை வேணாம், உத்தரவு வேணாம். நீ கூப்பிட்ட, வரேன். அவ்வளவுதான். வா, போலாம்.

— நாலு நாளா உயிரை வாங்கிட்டு இப்ப வந்து இப்படிச் சொல்றீங்க!

— அதான் வரேங்கறேனே. கட்டையை எடுத்துச் சுத்து.

— கேட்டதைப் பாதில விடறதா? தெய்வக் குத்தம். அப்புறம் வழி நெடுக, அங்க போயும், சாகறவரைக்கும் சொல்லிக் காட்டுவீங்க. அம்மா சரின்னு சொல்றதுக்குள்ள இழுத்துக்கிட்டு வந்துட்டா பாவின்னு. உங்களை எனக்குத் தெரியாதா? போடுங்க.

— சொல்ல மாட்டேன். எங்கம்மா மேல சத்தியம். சொல்ல மாட்டேன்.

— போடுங்கன்னா!

— என்னால முடியாது.

— குடுங்க இப்படி. நானே போடறேன்.

— வேணாம் யூலான். நீ போடாத. நீ மட்டும் போடாத!

— விடுங்க கையை. நாப்பது வருஷம் ஒரே பானைல தின்னவங்க, யார் கைல போட்டா என்ன? அவர் என்ன கேட்டாரோ அதையேதான் நானும் கேக்கறேன், தாயே. அவருக்கு என்ன சொல்ல இருந்தியோ, அதை என் கைல சொல்லு.

— யூலான்...

— ஒண்ணு நிமிந்து... அது என்னது, மூலைல... ஒண்ணு கவுந்து. ஒண்ணு கவுந்து! சம்மதம்! மூணு! மூணும் விழுந்துடுச்சு! பாத்தீங்களா, என் கையாலயே வாங்கிட்டேன்! என் தாயே, என் மகராசி... என்னங்க, அழறீங்களா? அட கிழவரே, வீட்டை விட்டுப் போறதுக்கா? வீடு எங்க ஓடிடப் போவுது? எழுந்திருங்க. ஹாரன் கேக்குதா? எழுந்திருங்க. சாவியை ஷிஹாங் எப்பவும் எடுக்கற இடத்துலயே வெச்சுட்டேன். மேஜைமேல சோறும் உப்பு மீனும் மூடி வெச்சிருக்கேன், பாதி ராத்திரில வந்தாலும் பசியோட படுக்க மாட்டான்.

— அந்தச் சோத்தையும் கட்டிக்கோ.

— எதுக்கு? அது அவனுக்கு.

— கட்டிக்கோ யூலான். வழில நாம சாப்பிடலாம்.

— என்ன பேசறீங்க நீங்க? சொந்தப் பிள்ளைக்கு வெச்ச சோத்தை... ஏன் அப்படிப் பாக்கறீங்க? போலாம்னு அம்மாவே சொல்லிட்டா, இன்னும் என்ன?

— நான் போலாமான்னு கேக்கல.

— பின்ன வேற என்ன கேட்டீங்க?

— ‘எம் பிள்ளை இனி வரவே மாட்டானா’ன்னு கேட்டேன்; மூணு தடவை சேந்தாப்புல விழாதுன்னு நம்பித்தான், யூலான், அப்படிக் கேட்டேன்.