கட்டைவிரலில் முள்

லிம்பானி: ஐயோ… சுடுதுடி! களிய அடுப்புல இருந்து எடுத்து நேரா விரல்லயா வைப்பாங்க?

தமாண்டா: சூடா வச்சாத்தானே முள்ளு மேல வரும்? கட்டைவிரல ஆட்டாதீங்க.

லிம்பானி: அந்தச் சேவல் ஏன் இப்படிக் கத்துது? யாரு கட்டிப் போட்டது?

தமாண்டா: கத்தட்டும் விடுங்க. தோகோ அப்பா… நெசமாவே மீன்முள்ளுதானா?

லிம்பானி: பின்ன? கம்பாங்கோ கெளுத்தி முள்ளு. குத்துனா லேசுல வருமா?

தமாண்டா: ஆபரேஷன் ஆனதுல இருந்து நீங்க வலையவே தொடல. வீட்டுக்கு வர்றது பொடிமீன் கருவாடு. கம்பாங்கோ எங்க வந்து குத்துச்சு, கனவுலயா?

லிம்பானி: களி ஆறிடுச்சு, வேற எடுத்து வையி.

தமாண்டா: சொல்லுங்க.

லிம்பானி: போலீசுல சேர்ந்திருக்க வேண்டியவ நீ.

தமாண்டா: சிரிச்சு மழுப்பாதீங்க. கருவாடு விக்கப் போறேன்னு சொல்லிட்டு ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன். நர்ஸம்மா சொல்லிட்டாங்க.

லிம்பானி: எல்லாத்தையுமா?

தமாண்டா: மூத்திரப்பையில வெட்டி எடுத்தாங்களே, அதே புத்துநோய்தான் விரல் எலும்புக்கு வந்திருக்காம்.

லிம்பானி: ம்… நுரையீரலுக்குப் போகும், ஈரலுக்குப் போகுமாம். கட்டைவிரலுக்கு வர்றது ரொம்ப அபூர்வமாம். எக்ஸ்ரேய டாக்டருங்க மாத்தி மாத்திப் பாத்தாங்க. இந்த ஏரிக்கரையிலயே அதிசயப் பிறவி உன் புருஷன்தான்டி!

தமாண்டா: அடப் பாவி மனுஷா… எனக்கு வயிறு எரியுது, உங்களுக்கு விளையாட்டா? திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வாங்க. விரல எடுத்துட்டா வலியாவது விடும்னாங்க.

லிம்பானி: கட்டைவிரல் இல்லாம வலைய எப்படிப் பிடிக்கிறது? நான் வரல.

தமாண்டா: ராத்திரியெல்லாம் முனகுறீங்க. கேக்குறவ நானு.

லிம்பானி: எனக்கு முதல் தடவ மூத்திரம் சிவப்பாப் போனப்ப எங்கப்பா என்ன பண்ணாரு தெரியுமா? பையன் ஆம்பளையாயிட்டான்னு சேவல் அறுத்தாரு.

தமாண்டா: கரையில எல்லா வீட்டுலயும் அதானே பண்றாங்க.

லிம்பானி: நானும் நெஞ்ச நிமித்திக்கிட்டுத் தின்னேன். அது ஏரித்தண்ணிப் புழுவால வர்ற ரத்தம்னு அப்பவே தெரிஞ்சு மாத்திரை முழுங்கியிருந்தா இந்தப் புத்துநோயே வந்திருக்காது… ப்ச், விடு. இனிமே எனக்கு எதுக்கு ஆஸ்பத்திரி?

தமாண்டா: உங்களுக்காக மட்டும் கூப்பிடல.

லிம்பானி: பின்ன யாருக்கு?

தமாண்டா: நம்ம பையன் தோகோவுக்கு. காலையில சிவப்பாப் போறதப் பாத்துட்டு ஓடி வந்தான்… அந்தச் சேவலக் கட்டிப் போட்டதும் அவன்தான். அப்பா கையாலதான் அறுக்கணுமாம்.