டயல் போனுக்கு எத்தனை பேர்?

— நாலு பேர் டெலிபோன் போர்டுல உட்கார்ந்து லைன் கொடுத்துக்கிட்டிருக்கோம் மருதமுத்து சார். ரெண்டு பேர் போதும்னு மேலிடத்துக்கு எழுதப் போறீங்களாமே? நாட்டுக்கு மெர்டேக்கா, சுதந்திரம் வந்த சூட்டோட எங்களுக்கும் வேலையிலேருந்து மெர்டேக்காவா?

— கோவிச்சுக்காதீங்க கோகிலா. டயல் போன் வந்தா ஆளுங்களே நம்பரைச் சுத்திக்குவாங்க. எக்ஸ்சேஞ்சுல உங்களுக்கு என்ன வேலை மிச்சம் இருக்கும்? கணக்கு அப்படித்தான் சொல்லுது.

— ஐயோ சாமி, கணக்குப் புலியே! எப்ப போட்டீங்க அந்தக் கணக்கை?

— காஜா பெராங் ரோட்டுத் தமிழ்க் கடைங்களுக்குச் சோதனைக்கு டயல் போன் கொடுத்தோம்ல? போன வாரம் உங்க பக்கத்துலயே நின்னு பார்த்தேன். பகல் முழுக்க அந்தக் கடைங்கள்ல இருந்து ஒருத்தர்கூட உங்களைக் கூப்பிடல.

— எப்படிக் கூப்பிடுவாங்க? அன்னைக்கு ஆயுத பூஜை லா!

— ஆயுத பூஜையா?

— தராசு, கத்தரி, தையல் மிஷின் எல்லாத்துக்கும் பொட்டு வெச்சவங்க உங்க டயல் போனை மட்டும் விடுவாங்களா? கடைக்கார ராஜரத்தினம் மாமா அதுக்குப் பொரிகடலையே படைச்சாரு. மறுநாள் வரைக்கும் ஒருத்தரும் தொடல.

— சரி, மத்த நாள்ல சுத்துவாங்கல்ல?

— சுத்துவாங்க, எங்க நம்பரை மட்டும்! அதே வரிசையில கடை வெச்சிருக்கிற அப்துல் சமது பாய்க்குப் பூஜை கிடையாது, ஆனா அன்னைக்கு ஊர்ல இல்ல. மத்தபடி அன்னாடம் கூப்பிடுறாரு. "ஏம்மா, இந்த ஓட்டையில விரல் மாட்டிக்கிட்டா யாரு எடுக்கிறது? நீயே தெங்கேராவுல இருக்கிற நம்ம கடைக்கு லைன் போடு. மகன் அங்க இல்லைன்னா கோப்பிக் கடையில தேடு." உங்க டயல் தேடுமா சார்?

— தேடாது. ரெண்டு பேர் போதாதுபோல.

— நாலு பேருக்கே மூச்சு முட்டுது. மேலிடத்துக்கு அனுப்பிட்டீங்களா?

— இன்னும் இல்ல. நாலுன்னே மாத்திடறேன். அப்பாடா! கடைசியா சேர்ந்தவங்களைத்தான் முதல்ல நிறுத்துவாங்க. நீங்களும் விஜயாவும்தானே கடைசி? நீங்க இல்லாத ஆப்பீஸை நெனச்சு நான் சரியாச் சாப்பிடக்கூட இல்ல கோகிலா.

— எனக்காகவா இவ்வளவு நேரம் தொண்டைத் தண்ணி வத்தக் கத்தினேன்? விஜயாவுக்காக. அவ சம்பளத்துலதான் அந்த வீட்டுல உலை கொதிக்குது. நான் எப்படியும் தை மாசம் நின்னுடுவேன். கல்யாணம் ஆனவளை இங்க வெச்சுக்க மாட்டாங்களே.

— கல்யாணமா? உங்களுக்கா? சொல்லவே இல்லையே... மாப்பிள்ளை யாரு?

— நல்லாக் கேட்டீங்க! உங்கம்மா நேத்து வீட்டுக்கு வந்து எனக்குப் பூ வெச்சிட்டுப் போனாங்க. உங்ககிட்ட கேட்டுட்டுத்தான் வந்தாங்களாம். "சரிம்மா, சரிம்மா"ன்னு தலையை ஆட்டினீங்களாமே, இந்தப் பாழாப்போன கணக்கைப் போட்டுக்கிட்டே!