ஒத்தை பிலிம்

டீக்கு சர்க்கரை கம்மியா போடச் சொல்லுங்க இன்ஸ்பெக்டர் சார். வேற ஒண்ணும் வேண்டாம். ஃபேன் சத்தம் போடுது, பரவாயில்ல, எங்க ஸ்கூல் லேப்லயும் இதே மாதிரி ஒண்ணு கத்திக்கிட்டுதான் இருக்கும். அதுக்கு மேல குரல் எடுத்துப் பேசிப் பேசியே எனக்குத் தொண்டை போயிடுச்சு. அதனால மெதுவாத்தான் சொல்வேன். உங்க ரைட்டரும் மெதுவாவே எழுதட்டும்.

நான் வந்தது பீர் முகம்மது பாய் பொண்ணு மெஹ்ருன்னிசா கண்ணு போன விஷயமா. உங்க ரைட்டர் முதல் வரியிலயே 'கவனக்குறைவால்'னு எழுதிட்டாரு. நல்ல மனுஷன், எனக்கு உதவி பண்றதா நினைச்சு எழுதியிருக்காரு. அதை அடிக்கணும். ஏன் அடிக்கணும்னு சொல்லத்தான் உக்காந்திருக்கேன்.

பேரு ஆதிமூலம். பௌதிக வாத்தியார். போளூர் ரோட்டுல மல்லாட்டை மண்டி மாடியில ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஒரு அறிவியல் வகுப்பு நடத்துனேன். இந்த எண்பதாம் வருஷத்தோட ஒன்பது வருஷம் ஆச்சு. ஃபீஸ் கிடையாது. பன்னெண்டு வயசுலேர்ந்து பதினஞ்சு வயசு வரைக்கும் யாரு வேணா வரலாம். எலுமிச்சம்பழத்துல கரண்டு எடுப்போம், மூக்குக் கண்ணாடி வில்லைய வெச்சு தூரதரிசினி பண்ணுவோம், மழை எவ்வளவு பேஞ்சுதுன்னு டப்பா வெச்சு அளப்போம். பரீட்சைக்கு ஒண்ணும் கிடையாது. சும்மா தெரிஞ்சுக்கறதுக்கு.

ஆரம்பத்துல ஆசையாத்தான் பண்ணேன், அது பொய் இல்ல. அப்புறம் ஆசை போயிடுச்சு, வகுப்பு மட்டும் ஒட்டிக்கிச்சு. நிறுத்திடலாம்னு பார்ப்பேன். பஸ் ஸ்டாண்டுல யாராவது கையைப் புடிச்சுக்குவாங்க, "சார், உங்களால எம் பையன் நல்லா வந்துட்டான், நீங்க நல்லா இருக்கணும்"னு. கீழ்பென்னாத்தூர்லேர்ந்து சகாதேவன்னு ஒரு பையன், முதல் பஸ் புடிச்சு கையில கேழ்வரகு அடை கட்டிக்கிட்டு வந்து மண்டி வாசல்ல உக்காந்திருப்பான். அவன்கிட்ட போய் 'போடா, வகுப்பு இல்ல'ன்னு எப்படி சொல்றது? ஒரு வருஷம் எனக்குப் பொன்னாடை வேற போத்திட்டாங்க. அன்னிக்கே மாட்டிக்கிட்டேன்.

என் சம்சாரம் ரேணுகாம்பாள் கேப்பா, "ஒரு ஞாயித்துக்கிழமையாவது வீட்டுல இருங்களேன், ஊரு என்ன குடிமுழுகியா போயிடும்?"னு. எனக்கும் அதேதான் ஆசை. மத்தியானம் ரசஞ்சோறு சாப்பிட்டு பாய் போட்டுப் படுக்கணும். இவ்வளவுதான் சார் நான் கேட்டது. நானா நிறுத்துனா கெட்ட பேரு. தானா நின்னாத்தான் ஆச்சு.

மெஹ்ருன்னிசா போன வருஷம் வந்து சேர்ந்தா. எட்டாம் கிளாஸ். அவ அத்தா பெட்ரோமாக்ஸ் லைட்டு வாடகைக்கு விடறவரு, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், கார்த்திகை தீபத்துக்கு அவரு லைட்டு இல்லாத தெரு கிடையாது. பொண்ணு நல்ல பொண்ணு. மரியாதை தெரிஞ்ச பொண்ணு. அவ மேல எனக்கு ஒரு கோபமும் கிடையாது, இதையும் எழுதிக்குங்க.

எங்க வகுப்புல ஒரு பழக்கம். 'சார் சொன்னாருன்னு நம்பாதே, செஞ்சு பாரு.' முதல் நாளே போர்டுல எழுதிடுவேன். ஒன்பது வருஷமா எழுதறேன், எல்லாப் பிள்ளைங்களும் அதையும் காப்பி பண்ணிக்கிட்டு அதோட விட்டுடும். இவ விடல.

தட்டுல தண்ணி ஊத்தி, நடுவுல மெழுகுவத்தி ஏத்தி, மேல கண்ணாடி டம்ளரைக் கவுத்தா வத்தி அணைஞ்சு தண்ணி உள்ள ஏறும். உங்களுக்கும் ஸ்கூல்ல பண்ணிக் காட்டியிருப்பாங்க. ஆக்சிஜன் எரிஞ்சு போச்சு, அந்த இடத்துக்குத் தண்ணி வந்துச்சுன்னு சொல்லித் தருவோம். சர்வீஸ் பூரா அப்படித்தான் சொன்னேன். அடுத்த ஞாயிறு அவ எழுந்து நிக்கறா.

"சார், ஒரு வத்தி வெச்சா கொஞ்சம் ஏறுது, மூணு வத்தி வெச்சா ஜாஸ்தி ஏறுது. டம்ளர் அதேதான் சார். உள்ள இருக்கற ஆக்சிஜனும் அதேதானே?"

நான் பதில் சொல்றதுக்குள்ள அவளே சொன்னா. "கவுக்கும்போது ஓரத்துல குமிழி வந்துச்சு சார், நான் பார்த்தேன். சூட்டுல காத்து விரிஞ்சு வெளிய போயிடுது. அணைஞ்சதும் மிச்சக் காத்து ஆறிச் சுருங்குது. அதான் தண்ணி ஏறுது."

அத்தா கடையில லைட்டுக் கண்ணாடிய வெச்சு ஒரு வாரமா செஞ்சு பார்த்திருக்கா. அவ சொன்னதுதான் சரி. எல்லாரையும் கை தட்டச் சொன்னேன். நானும் தட்டினேன். ஜோதியம்மாள்னு ஒரு பொண்ணு, எப்பவும் முன் வரிசையில உக்காரும், அது கேட்டுச்சு, "அப்போ நீங்க இத்தனை வருஷமா சொன்னது தப்பா சார்?"னு. பிள்ளைங்க சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

அதுக்கப்புறம் நான் என்ன சொன்னாலும் மொத்தப் பிள்ளைங்களும் திரும்பி அவ மூஞ்சியப் பார்க்கும். அவ தலையாட்டினா எழுதிக்கும். ஒரு வாத்தியாருக்கு இதைவிட பெருமை என்ன இருக்கு? எனக்கு வருத்தம் இல்ல. அலுப்பு. அது வேற, இது வேற.

பிப்ரவரி மாசம் சூரிய கிரகணம் வந்துச்சு. நம்ம ஊருல முழுசா இல்ல, பிறை மாதிரி மிச்சம் இருக்கும். பேப்பர்ல போட்டதுமே ஊருல பயம் புடிச்சுக்கிச்சு. அன்னிக்கு மத்தியானம் தேரடி வீதியில ஒரு நாய் கூட இல்ல. கடைய சாத்திட்டாங்க, சாப்பாட்டுல தர்ப்பை போட்டுட்டாங்க, உலக்கைய நிக்க வெச்சுப் பார்த்தாங்க. என் பிள்ளைங்க மட்டும் மண்டி மாடியில. ஒவ்வொரு வீடா நானே போய்ப் பேசி அனுப்ப வெச்சேன். பாய் வீட்டுல மெஹ்ருன்னிசாவோட அம்மா வஜீதா ஒத்துக்கல. "வெளிய அனுப்ப வேணாங்க, மனசு கேக்கலே"ன்னு கதவுக்குப் பின்னாடி நின்னு சொன்னாங்க. பாய் கிரகணத் தொழுகைக்குக் கிளம்பிட்டு இருந்தாரு. "சார் இருக்காரு இல்ல, அவரு பார்த்துக்குவாரு"ன்னு அவரே கொண்டு வந்து மாடிப்படியில விட்டுட்டுப் போனாரு.

பார்க்கறதுக்கு பழைய எக்ஸ்ரே பிலிம். தெரிஞ்ச கம்பவுண்டர் ஒருத்தர் கொடுத்தாரு. நல்லா கறுத்த இடமாப் பார்த்து வெட்டி, ரெண்டு பிலிமை ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு அட்டையில ஒட்டணும். ஒத்தை பிலிம் ஆகாது. அட்டையில ஊசி ஓட்டை போட்டு, வெளிச்சத்தை சுவத்துல விழ வெச்சுப் பார்க்கற வழியும் எனக்குத் தெரியும். அதுல யாருக்கும் ஒண்ணும் ஆகாது. அதனாலதான் அதைப் பண்ணல.

எல்லாருக்கும் ரெட்டை பிலிம். மெஹ்ருன்னிசாவுக்கு ஒத்தை. அட்டை மெல்லிசா இருந்தா கையில புடிச்சதுமே கண்டுபுடிச்சிடுவா, அவ அப்பேர்ப்பட்டவ. அதனால உள்ள ஒரு வெத்துக் கண்ணாடித் தாளை வெச்சு கனத்தை சரி பண்ணேன். முந்தின நாள் ஸ்கூல் விட்டு வந்து நானே வெட்டி நானே ஒட்டினேன். ஞாபகப் பிசகுன்னு யாரும் சொல்ல முடியாது.

மத்தப் பிள்ளைங்களுக்கு, கண்ணுல வெச்சு எடுத்துடணும், அதுக்கு மேல பார்க்கக் கூடாதுன்னு உத்தரவு. அவளுக்கு மட்டும் வேலை கொடுத்தேன். நிழல் எவ்வளவு ஏறுதுன்னு விடாம பார்த்து, மாடித் தரையில சாக்பீஸால பிறை பிறையா வரையணும். "பெரிய வேலை, உன்னாலதான் முடியும்"னு சொன்னேன். மூஞ்சி எப்படி மலர்ந்துச்சு தெரியுமா. "கண்ணை மாத்தி மாத்திப் பாரும்மா, ஒரே கண்ணு களைச்சுப் போயிடும்"னும் சொன்னேன். அப்படியே செஞ்சா. வரிசையா, ரொம்ப அழகா வரைஞ்சா சார். இன்னும் மழை பேயல, அது அங்கதான் இருக்கும், நீங்க போனா பார்க்கலாம்.

நடுவுல ஒரு தடவை கேட்டா. "சார், எனக்கு ரொம்பப் பளிச்சுனு தெரியுதே. எல்லாருக்கும் இப்படித்தானா?"

"உன்னை மாதிரி உத்துப் பார்க்கறவங்களுக்கு அப்படித்தான் தெரியும்"னேன்.

பக்கத்துலதான் சகாதேவன் நின்னான். அவன் பிலிமை வாங்கி அவ ஒரு தடவை பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். பார்க்கல. என் வகுப்புக்கு வந்ததுலேர்ந்து அன்னிக்குத்தான் அவ செஞ்சு பார்க்காம என் வார்த்தைய நம்புனா.

வலி இருக்காது. கண்ணுக்குள்ள சுடறது தெரியாது. மறுநாள் காலையிலதான் எதைப் பார்த்தாலும் நடுவுல ஒரு கறுப்பு வட்டம் நிக்குதுன்னு சொல்லியிருக்கா. தூங்கி எழுந்தா சரியாயிடும்னு வீட்டுல இருந்துட்டாங்க. அப்புறம் மெட்ராஸ் கண்ணாஸ்பத்திரி. ஒண்ணும் பண்றதுக்கில்லைன்னு அனுப்பிட்டாங்க. ஓரமாத் தெரியுது, நடுவுல தெரியல. நடப்பா, தண்ணி மொண்டு குடிப்பா. எழுத்து தெரியாது. எதிர்ல நிக்கறவங்க மூஞ்சி தெரியாது.

கிரகணம் புடிச்சிடுச்சுன்னு ஊரே சொல்லிச்சு. மத்தவங்க பிள்ளைங்களை அனுப்பல. வகுப்பு நின்னுச்சு. அஞ்சாறு ஞாயித்துக்கிழமை ரசஞ்சோறு சாப்பிட்டுப் படுத்தேன். நான் நினைச்ச அளவுக்குத் தூக்கம் வரல, அதையும் மறைக்கல.

போன ஞாயிறு பாய் அவளைக் கையைப் புடிச்சு எங்க வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வந்தாரு. கூடவே சகாதேவன், ஜோதியம்மாள், இன்னும் நாலஞ்சு பேரு. அவ கையில ரெண்டு அட்டை, அவளுது ஒண்ணு, சகாதேவனுது ஒண்ணு. என் குரல் வந்த பக்கம் திரும்பி, தலையக் கொஞ்சம் சாய்ச்சு வெச்சுக்கிட்டு சொன்னா.

"சார், செஞ்சு பார்த்தேன். கடையில பெட்ரோமாக்ஸை ஏத்தி, அத்தாவை ரெண்டு வழியாவும் பார்க்கச் சொன்னேன். சகாதேவனுதுல உள்ள எரியற மேண்டில் மங்கலாக்கூடத் தெரியல. என்னுதுல பளிச்சுனு தெரியுதாம். அட்டையப் பிரிச்சோம். ஒத்தை பிலிம்தான் சார் இருக்கு. ஒட்டும்போது நீங்க தப்பு பண்ணிட்டீங்க."

பிள்ளைங்க எல்லாம் அவ மூஞ்சியப் பார்த்துட்டு, அப்புறம் என்னைப் பார்த்துச்சுங்க.

"நீங்க வேணும்னு பண்ணல சார், தப்பு யாருக்கும் வரும். அடுத்த கிரகணத்துக்கு ரெண்டு பிலிம் இருக்கான்னு எல்லாரும் சோதிச்சுக்கணும். அதை நீங்கதான் எல்லா ஸ்கூலுக்கும் சொல்லணும்"னா.

பாய் என் தோள்ல கை வெச்சாரு. "விடுங்க சார், மனுஷன்தானே, அல்லாவோட நாட்டம்"னாரு. அழுதாரு. ஜோதியம்மாள் மெதுவா சகாதேவன்கிட்ட சொன்னது என் காதுல விழுந்துச்சு. "மெழுகுவத்தி மாதிரிதான்டா. சார் மறுபடியும் தப்பு."

வெத்துக் கண்ணாடித் தாளைப் பத்தி யாரும் பேசல. அது எதுக்கு அங்க இருக்குன்னு அவ யோசிக்கல பாருங்க. இல்ல, யோசிச்சும் என்னைப் பத்தி அப்படி நினைக்க அவளுக்கு மனசு வரலியோ என்னவோ. எதுவா இருந்தாலும் தப்புதான். கையில கிடைச்ச ஒரு பொருளுக்குக் காரணம் கண்டுபுடிக்காம முடிவு சொல்லக் கூடாதுன்னு வகுப்புல எத்தனை தடவை சொல்லியிருக்கேன்.

அன்னிலேர்ந்து இந்த வாரம் பூரா யோசிச்சுப் பார்த்துட்டுத்தான் வந்தேன். மனசாட்சி உறுத்தி வந்தேன்னு எழுதாதீங்க. களைச்சுப் போய்ப் பண்ணேன், வகுப்பு நிக்கணும்னு பண்ணேன், தெரிஞ்சு பண்ணேன்னு எழுதுங்க. என்ன தண்டனையோ கொடுக்கட்டும். ஆனா அந்த 'கவனக்குறைவு' இருக்கக் கூடாது. அந்த பிலிமை முந்தின நாளே வெயில்ல என் கண்ணுல வெச்சு சோதிச்சுட்டேன். ஒரு நொடிதான் வெச்சேன், கண்ணு கூசிடுச்சு. சரியா இருந்துச்சு.

கையெழுத்து கீழதானே? போடறேன். அதுக்கு முன்னாடி ஒரு வரி சேர்த்துக்கச் சொல்லுங்க. இதுல ஆதிமூலம் சார் தப்பு எதுவும் பண்ணல, மெஹ்ருன்னிசா சொன்ன முடிவுதான் தப்புன்னு. அப்புறம் இதுல ஒரு நகல் எடுத்து அவங்க வீட்டுக்கு அனுப்பி வைங்க. அவளால படிக்க முடியாது, பிள்ளைங்க எல்லாரும் இருக்கும்போது யாராவது சத்தமாப் படிச்சுக் காட்டணும்.