தவிட்டுக்கு விற்கிற பிள்ளை

சுங்காயில் ரயிலேறி ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போன நிறைமாதக்காரி ஒருத்தி, வயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அடுத்தவர் பேச்சில் தலையிடும் வழக்கம் எனக்கில்லை, எதிர் இருக்கையில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“இன்னிக்கு மட்டும் நான் பெக்க மாட்டேங்க்கா.”

கூட வந்தவள் சிரித்தாள். “உன்னைக் கேட்டுக்கிட்டா பொறக்கும்? ஏன்லா?”

“போன வருஷம் இதே தேதியிலதான் வெள்ளம் என் கொழுந்தனைக் கொண்டுபோச்சு. இன்னிக்குப் பொறக்கிறது வீட்டுக்கு ஆகாதுன்னு மாமியா சொல்லுது.”

“அதுக்கென்ன? ஒருபடி தவிட்டுக்கு யார்கிட்டயாச்சும் வித்துட்டு, மறுநாளே திரும்ப வாங்கிக்க. தோஷம் கழிஞ்சிரும். எங்க எஸ்டேட் லயத்துலயும் அப்படித்தானே செய்யறோம்.”

“மாமியா அதையும் பேசி வச்சிருச்சு. வாங்கப்போறது பிள்ளையில்லாத கங்காணி பொண்டாட்டி.”

“திருப்பிக் குடுத்துருவா புள்ள.”

“அவ தொட்டில் கட்டிட்டாக்கா.”

கூட வந்தவள் எட்டி வெளியே வெயிலைப் பார்த்தாள்.

“பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காரு. பொழுது போவட்டும்.”