ஒரு போல்ட்கூட மாற்றாத வண்டி

— மாமா, காலை நல்லா ஊனிக்கங்க. ஜன்னல் கம்பியைப் பிடிக்காதீங்க, அது கையோட வந்துடும்.

— ஏம்மா, பிரேக் பிடிக்கலையா?

— பிடிக்குது. மனசில்லாம பிடிக்குது.

— ரெண்டாவது கியர்லதானே இருக்கே?

— ரெண்டுலதான். கட்டி இழுத்துட்டு வர்ற வேன் இப்ப மலை இறக்கத்துல நம்மளைத் தள்ளுது. யாரு யாரை இழுக்கறாங்கன்னே தெரியல.

— ஒரு ஐஸ்கிரீம் வண்டி இவ்வளவு கனமா இருக்கும்?

— ஃப்ரீசர் இருக்கு, ஜெனரேட்டர் இருக்கு, பத்தாததுக்கு ஐஸ்கிரீம்காரரும் உள்ளயே உக்காந்திருக்கார். போன் அடிக்குது பாருங்க, அவர்தான். ஸ்பீக்கர்ல போடுங்க, எனக்குக் கை இல்ல.

— எதை அமுக்கணும்?

— பச்சையை.

— அக்கா, பின்னால வேன்ல இருந்து பேசறேன். பயப்படல, சும்மா கேக்கறேன். கொஞ்சம் வேகமாப் போற மாதிரி இருக்கே?

— எனக்கும் அப்படித்தான் இருக்கு தம்பி.

— கருகற வாசனை வருது. என் வண்டியா, உங்க வண்டியா?

— எங்க வண்டிதான். உங்க ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமா இழுங்க.

— இழுத்தேன்க்கா. கையில வந்துடுச்சு. மடியில வச்சிருக்கேன்.

— கால் பிரேக்?

— இன்ஜின் ஓடலைல்ல, கல்லு மாதிரி இருக்கு. ரெண்டு காலையும் வச்சு ஏறி நிக்கறேன்.

— அப்படியே நில்லுங்க. ஸ்டியரிங்கை மட்டும் விட்டுடாதீங்க. உங்க ஐஸ்கிரீம் பாட்டை நிறுத்துங்களேன், குழந்தைங்க காசை எடுத்துக்கிட்டு ரோட்டுக்கு ஓடி வந்துடப் போறாங்க.

— நிக்க மாட்டேங்குதுக்கா. அதுக்குத் தனி பேட்டரி. வண்டி செத்தாலும் அது பாடும்.

— சரி, பாடட்டும். நான் வைக்கறேன், ரெண்டு கையும் வேணும்.

— சொல்றேன்னு தப்பா நினைக்காத. இந்த லோடு வேண்டாம்னு நான் காலையிலயே சொன்னேன்.

— நீங்க எந்த லோடை வேணும்னு சொல்லியிருக்கீங்க மாமா? நாளைக்கு உங்க இந்தப் பழைய வண்டியை வாங்க ஆள் வர்றார், இன்னைக்கு ஒரு கீறல் விழக்கூடாது. அதுக்குத்தானே காவலுக்கு நீங்களும் ஏறினீங்க. நான் இழுவை வேலைக்குப் போக ஆரம்பிச்சதுலருந்து நீங்க ஒரு நாள்கூட இந்த சீட்ல உக்காந்ததில்ல.

— காத்து வாங்கலாம்னு ஏறினேன்.

— நல்லா வாங்கிக்கங்க. வளைவு வருது.

— விட்டு விட்டு மிதிம்மா. ஒரேயடியா அமுக்கினா டிரம் சூடேறி விரிஞ்சுக்கும். அப்பறம் எங்க மிதிச்சும் புண்ணியமில்ல.

— அது டிரம் பிரேக்குக்கு மாமா.

— ம்.

— மாமா, ஒண்ணு சொல்லணும். கீழ போய்ச் சேர்ந்ததும் சொல்லலாம்னுதான் இருந்தேன். சேருவோமான்னு தெரியல, அதனால இப்பவே சொல்லிடறேன்.

— சொல்லு.

— முன்னால ரெண்டு வீல்லயும் டிரம் இல்ல. போன வருஷம் நீங்க கண் ஆபரேஷன் பண்ணிட்டுப் படுத்திருந்தப்ப கழட்டிட்டு, இன்னும் நல்லாப் பிடிக்கற டிஸ்க் பிரேக் பூட்டிட்டேன்.

— அப்படியா.

— வெளியில தெரியாம இருக்க, பழைய வீல் கப்பையே போட்டு மூடிட்டேன். டிரம்மைத் தூக்கிப் போடல, துணி சுத்திப் பரண்ல வச்சிருக்கேன். உங்க பையனுக்குத் தெரியும். சொல்லிடலாம்னா, எங்க அப்பா ஒரு வாரம் சோறு திங்க மாட்டார், வேண்டாம்னு தடுத்துட்டார்.

— அவன் எதைத் தடுக்காம இருந்தான்.

— வேற வழியில்ல மாமா. டெய்லரம்மா காரை இழுத்துட்டு வந்தேன் ஞாபகமிருக்கா? சிக்னல்ல நிறுத்த மிதிச்சேன். அடுத்த சிக்னல்ல நின்னுச்சு. தனியாப் போறப்ப இந்த டிரம் போதும். பின்னால ஒண்ணைக் கட்டிட்டா போதாது.

— அந்தக் காலத்துல இதே டிரம்மோட செங்கல் லோடு ஏத்தியிருக்கேன்.

— அந்தக் காலத்துல குறுக்க வர்றதுக்கு ஆளே இல்ல. கோவம் வரலையா உங்களுக்கு?

— வளைவு திரும்பட்டும். அப்பறம் கோவப்படறேன்.

— அந்த ஆள்கிட்ட வாக்கு வேற குடுத்திருக்கீங்க. கம்பெனியிலருந்து வந்த மாதிரியே இருக்கு, ஒரு போல்ட்கூட மாத்தலன்னு.

— குடுத்தேன். அவன் கண்ணாடி அறை கட்டி உள்ள நிறுத்துவேன்னு சொன்னான். வெயில் படாது, மழை படாது.

— ரோடும் படாது.

— இந்த வண்டி வாங்கினப்ப உன் புருஷன் பொறக்கவே இல்ல.

— பொறந்தப்பறம் ரெண்டு பேர்ல யாருக்குச் செலவு ஜாஸ்தின்னு அத்தை சொல்லியிருக்காங்க. உங்க வாக்கு பொய்யாப் போனதுக்கு நான்தான் காரணம் மாமா. அதைத்தான் சொல்ல வந்தேன்.

— ரோட்டைப் பாரு. இப்ப இடது பக்கமா இழுக்கும், இறுக்கிப் பிடி.

— எதுக்கு இழுக்கப் போகுது... ஆமா, இழுக்குது. எப்படி மாமா தெரியும்?

— பழைய வண்டி. பழக்கம்.

— டிஸ்க் போட்டப்பறம் ஒரு தடவைகூட இழுத்ததில்லையே. பெடலும் கீழ கீழ போகுது. காலையில ஷெட்டை விட்டு எடுக்கறப்பவே கால்ல ஏதோ வித்தியாசமாத்தான் பட்டுது. நான்தான் சட்டை பண்ணல.

— ம்.

— புரிஞ்சுடுச்சு. போன வாரம் பிரேக் ஆயில் மாத்தினேன். பைப்புல இருந்த காத்தை ஒழுங்கா வெளியேத்தல. அதுக்கப்பறம் இன்னைக்குத்தான் லோடோட மலை இறங்கறேன். காத்துதான்.

— காத்தா இருக்காதும்மா.

— பின்ன என்னவா இருக்கும்?

— ஒண்ணாம் கியருக்கு வா.

— இந்த வேகத்துல ஒண்ணு விழாது. பல்லு உடைஞ்சுடும்.

— உடையட்டும். நாளைக்கு வர்றவன்கிட்ட நான் சொல்லிக்கறேன்.

— நீங்களா பேசறது? நேத்து பானட் மேல டீ டம்ளரை வச்சேன்னு சாயங்காலம் வரைக்கும் என்கூடப் பேசல.

— டம்ளர் வேற, உயிர் வேற. போடு.

— கிளட்ச். நியூட்ரல். ஆக்ஸிலேட்டர்ல ஒரு மிதி. திரும்பக் கிளட்ச்... விழுந்துடுச்சு.

— சத்தம் எனக்கும் கேட்டுது.

— வேகம் குறையுது. ஆனா நிக்கற அளவுக்கு இல்ல. அடுத்த வளைவு தாண்டினா கடைத்தெரு மாமா. இந்த நேரத்துல ஜனம் ரோட்டுலதான் நடக்கும்.

— அதுக்கு முன்னால மணல் மேடு இருக்குல்ல? பிரேக் போன லாரிக்குன்னு ஒதுக்கி வச்சது.

— நானும் அதைத்தான் பார்த்துட்டு வர்றேன். வேனைப் பின்னால வச்சுக்கிட்டு கோணலா ஏறினா, அது மடங்கி நம்ம முதுகுலயே வந்து உக்காரும். அவருக்குப் போன் போடுங்க.

— பச்சைதானே?

— பச்சைதான்.

— சொல்லுங்கக்கா. ஏதாவது நல்ல சேதியா?

— தம்பி, ஸ்டியரிங்கை நேரா பிடிச்சுக்கங்க. நான் எந்தப் பக்கம் போறேன்னு பார்த்து அதே பக்கம் வாங்க. மணல்ல ஏறப் போறோம்.

— எவ்வளவு மணல்? சும்மா கேக்கறேன்.

— நிறைய.

— எனக்கு வீட்ல ரெண்டு பேர் இருக்காங்கக்கா. இதைச் சும்மா சொல்லல.

— தெரியும் தம்பி. நேரா பிடிங்க. மாமா, தலையைக் குனிஞ்சுக்கங்க.

— நீ குனியலையா?

— நான் ரோட்டைப் பார்க்கணும்.

— ...

— மாமா?

— இருக்கேன்.

— அடி பட்டுச்சா?

— மூக்குக் கண்ணாடிதான் எங்கயோ போச்சு. உனக்கு?

— ஸ்டியரிங் நெஞ்சுல இடிச்சுது. மூச்சு வருது. தம்பி? லைன்ல இருக்கீங்களா?

— இருக்கேன்க்கா. நின்னுடுச்சா, இல்ல எனக்கு அப்படித் தோணுதா?

— நின்னுடுச்சு.

— பாட்டும் நின்னுடுச்சுக்கா. ரெண்டு மெக்கானிக் பார்த்தும் நிக்காதது.

— மெதுவா இறங்கி ஓரமாப் போய் நில்லுங்க. உருகறதுக்குள்ள ஒண்ணு எடுத்துச் சாப்பிடுங்க. நான் அப்பறம் கூப்பிடறேன்.

— எங்கம்மா இறங்கற?

— வீல் கப்பைக் கழட்டறேன். எங்க தப்புப் பண்ணியிருக்கேன்னு கண்ணால பார்க்கணும்.

— தொடாத. கொதிச்சுக்கிட்டிருக்கு, கை வெந்துடும். இப்படி உக்காரு.

— ஆறினப்பறம் பார்த்து மட்டும் என்ன ஆகப் போகுது.

— உக்காரும்மா முதல்ல.

— மாமா, நாளைக்கு அந்த ஆள் வந்தா குடுத்துடுங்க. நான் குறுக்க நிக்கல.

— நேத்து வேற மாதிரி பேசினே. வண்டியை வித்துட்டா எதால இழுக்கறது, பல்லாலயான்னு கேட்டே. இதுதான் என் சோறு, இதுதான் என் பேருன்னு சொன்னே.

— சொன்னேன். நேத்து வரைக்கும் என் கையை நான் நம்பினேன். இன்னைக்கு ஒரு மனுஷனைப் பின்னால கட்டிக்கிட்டு, உங்களைப் பக்கத்துல வச்சுக்கிட்டு வந்தேன். நான் பூட்டின பிரேக் பிடிக்கல மாமா.

— அவசரப்படாத.

— அவசரமில்ல, தெளிவாத்தான் சொல்றேன். கம்பெனிக்காரன் போட்டதுல கை வைக்காதன்னு சொன்னீங்க. வச்சேன். உங்க பையன் கடைக்கு வா, கல்லாவுல உக்காருன்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கார். போய் உக்காந்துடறேன்.

— அவன் கடையிலயா? அங்க ஈ கூட உக்காராது.

— நான் உக்கார்றேன். அங்க யாரும் இறக்கத்துல வர மாட்டாங்க. இனிமே ஸ்பேனரைத் தொட மாட்டேன் மாமா. அந்த ஆளுக்கு இப்பவே போன் போடுங்க.

— இப்பவேவா?

— என் மனசு மாறறதுக்குள்ள. நம்பர் உங்க போன்லதான் இருக்கு, குடுங்க. இந்தாங்க, ரிங் போகுது.

— கட் பண்ணு.

— ஏன்? நீங்க ஆசைப்பட்டதுதானே?

— கட் பண்ணும்மா. பண்ணிட்டியா?

— பண்ணிட்டேன். சொல்லுங்க.

— முந்தாநாள் நீ உங்க அக்கா வீட்டுக்குப் போயிருந்தப்ப, வண்டியைத் துடைச்சு வைக்கலாம்னு ஜாக்கி வச்சுத் தூக்கினேன். வீல் கப்பைக் கழட்டினேன்.

— அப்ப உங்களுக்கு முன்னாடியே தெரியுமா? நான் சொன்னப்ப அப்படியான்னு கேட்டீங்களே.

— வாக்கு குடுத்தவன் நான். பரண்ல ஏறிப் பார்த்தேன், டிரம் ரெண்டும் பத்திரமா இருந்துது.

— மாமா.

— நீ காத்து எடுத்ததுல ஒரு குறையும் இல்லம்மா. நீ பூட்டின டிஸ்க் ரெண்டும் வீட்டுல என் கட்டிலுக்கு அடியில இருக்கு.