கறுப்புக் கோட்டு வீட்டுல வெள்ளை நாய்

...அதைத்தான் தம்பி நானும் சொல்றேன், மடியில வெச்சுக் கொஞ்சுற வரைக்கும் எல்லாம் நல்லாத்தான் இருக்கும். உங்க பேண்டைக் கொஞ்சம் குனிஞ்சு பாருங்க. பாத்தீங்களா? உக்காந்தே கொஞ்ச நேரம்தான் ஆச்சு, அதுக்குள்ள கம்பளிப் பேண்டா மாறிடுச்சு. பொமரேனியன்னா சும்மாவா. கிழிஞ்ச தலகாணி மாதிரி நாள் பூரா கொட்டும். நாய்க்காரர் சொல்லியிருக்க மாட்டாரே... விக்கிறவரு ஏன் சொல்றாரு. ஊசி போட்ட அட்டையைத் தேடி உள்ள போயிருக்காரு இல்ல, வர்றதுக்குள்ள நல்லா யோசிச்சுக்குங்க. எனக்கென்ன, இந்தப் பக்கம் வந்தேன், எட்டிப் பாத்தேன், அவ்ளோதான்.

எங்க கதையைக் கேளுங்க. எங்க வீட்டுக்காரருக்குப் பொமரேனியன்தான் வேணும். சின்ன வயசுல பக்கத்து வீட்டுல ஒண்ணு இருந்துச்சாம், இவரைக் கண்டா மட்டும் வாலாட்டுமாம். ஆமா, அதுக்கப்புறம் யாரும் ஆட்டலை பாருங்க, அந்த ஏக்கம். பொண்ணுக்கு ஷிட்ஸு, அதான் மூஞ்சி மேலயெல்லாம் முடி தொங்குமே, அந்தக் குட்டி நாய். ஏன்னு கேட்டா, கூடப் படிக்கிறவங்க வீட்டுல எல்லாம் ஷிட்ஸுவாம். சாப்பாட்டு மேசையில அப்பனும் மகளும் தினம் சட்டசபை நடத்துறாங்க. எது முடி கொட்டும், எது குரைக்கும், எதுக்கு ஆயுசு கெட்டி... எல்லாம் அலசியாச்சு. யாரு கூட்டுறது, யாரு குளிப்பாட்டுறதுன்னு மட்டும் வாயே திறக்கல. அதான் வீட்டுல ஒருத்தி சும்மாவே இருக்காளே. நான் தையக்காரி தம்பி. வக்கீலுங்களுக்குக் கறுப்புக் கோட்டு, கறுப்பு அங்கி தைக்கிறேன். முன் ரூம்ல திரும்பின பக்கமெல்லாம் கறுப்புத் துணி. அந்த வீட்டுக்கு வெள்ளை நாய். என்ன பொருத்தம் பாருங்க.

கடைசில இந்த நாய்க்காரரு, ரெண்டையும் ஒவ்வொரு வாரம் வீட்டுல வெச்சுப் பாருங்க, பிடிச்சதை வெச்சுக்குங்கன்னுட்டாரு. புண்ணியவான். மொத வாரம் வந்தது யாருன்னு நினைக்கிறீங்க? உங்க மடியில உக்காந்திருக்கே, இதேதான். ஆமா, திரும்பி வந்த நாய். இதையும் சொல்லலையா அவரு?

ஏன் திருப்புனோம்னா, குரைப்பு. பெல் அடிச்சாப் போதும், வீடே இடிஞ்சு விழுற மாதிரி. ஒரு நாள் காலையில வீட்டுக்காரர் போன்ல ஆபீஸ் மீட்டிங்ல இருக்காரு, வாசல்ல யாரோ பெல் அடிச்சிட்டாங்க, இது அவரு நாற்காலிக்குக் கீழ நின்னு கத்துது. மேனேஜர், அங்க எதிர்த்துப் பேசுறது யாருன்னு கேட்டாராம். பொமரேனியன் வேணவே வேணாம்னு அன்னிக்கு அவரே சொல்லிட்டாரு.

பொறந்ததுலருந்தே இப்படியான்னா... அது வந்து... அதுல ஒரு சின்ன விஷயம் இருக்கு. வரும்போது வாயில்லாப் பூச்சியாத்தான் வந்துச்சு. இவ்ளோ நல்ல பிள்ளையா இருந்தா வெச்சுக்குவாங்களே. நான் என்ன பண்ணேன், ரெண்டு பேரும் வெளிய போனதும் நானே வாசல்ல போயி பெல்லை அடிச்சேன். நானே உள்ள ஓடிவந்து குரைச்சுக் காமிச்சேன். சிரிக்காதீங்க. அதுவும் ஒருதடவ வள்ளுன்னுச்சு. உடனே பிஸ்கட்ல ஒரு துண்டு. மறுபடி வாசல், மறுபடி பெல். எதிர்வீட்டம்மா என்னை ஒரு மாதிரி பாத்துட்டு அவங்க பிள்ளையை உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள பிடிச்சுக்கிச்சு தம்பி. என் பொண்ணுக்கு வாய்ப்பாடு ஏத்த நான் பட்ட பாட்டுக்கு, இது மேதை.

அடுத்த வாரம் ஷிட்ஸு. இதையும் இப்படியே கிளப்பிடலாம்னு பாத்தேன். எங்க? பிஸ்கட்டைக் காட்டினா, கொண்டாந்து வாயில வைங்கற மாதிரி பாக்குது. மகாராணிக்குக் குரைக்கவும் சோம்பல். அப்பனும் மகளும், ஆகா என்ன சாதுன்னு உருகிட்டாங்க. இப்ப தினம் சிக்கெடுக்கணும், கண்ணைத் துடைக்கணும். பொண்ணு போட்டோ எடுப்பா, நான் சீவி விடுவேன். யானை தன் தலையில தானே மண்ணை அள்ளிப் போட்டுக்குமாமே, அந்த யானைக்கு நான் அக்கா.

அது போகட்டும். மெஷின் ஓடுற சத்தத்துல எனக்குப் பெல் கேக்காது. உங்க மடியில இருக்கிற இது எங்க வீட்டுல இருந்த வாரம் ஒரு ஆள் திரும்பிப் போகலை. பெல் அடிச்ச உடனே குரைச்சுக்கிட்டே ஓடியாந்து காலைச் சுரண்டும், நான் எழுந்திரிக்கிற வரைக்கும் விடாது. மகாராணி என்ன பண்ணும் தெரியுமா? ஒரு கண்ணைத் திறக்கும். உன்னைத்தான் கூப்பிடுறாங்க, போன்னு மூடிக்கும். போன வாரம் ஒரு பெரிய வக்கீலம்மா வெயில்ல நின்னு பாத்துட்டு வேற ஆள்கிட்ட போயிட்டாங்க.

அதுக்காகன்னு மட்டும் இல்ல... மத்தியானம் வீட்டுல யாரும் இருக்க மாட்டாங்க. நான் மிதிக்கிற காலுக்குப் பக்கத்துல வந்து படுத்துக்குவா. சட்டைப் பட்டன் கீழ விழுந்தா மூக்காலயே தள்ளிக்கிட்டு வருவா. அதான் பட்டன்னு பேரு... பாருங்க, காதைத் தூக்குறா. ஏய், பேசாம அவரு மடியில உக்காரு.

கூடையை ஏன் பாக்குறீங்க? காலிக் கூடைதான். சரி, ஒளிச்சு என்ன ஆகப்போகுது. இவளையும் கொண்டாறேன்னு வீட்டுல சண்டை போட்டுத்தான் வந்திருக்கேன். வந்து பாத்தா நீங்க மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க. மனசு கேக்கலை தம்பி. அதான் முடி கொட்டும்னேன், குரைக்கும்னேன். விட்டுக் குடுத்துடுங்க. நீங்க வேற ஒண்ணு பாத்துக்கலாம்...

அம்மாவுக்கா? உங்க அம்மாவுக்கா வாங்குறீங்க? காது மந்தமா... பகல்ல தனியா இருப்பாங்களா. பெல் அடிச்சா தெரியாதா. காலைச் சுரண்டிக் கூப்பிடும்னு இப்ப நான் சொல்லித்தான் தெரியுமா.

நல்லா வித்துக் குடுத்தேன் போங்க.

இல்ல தம்பி, யோசிச்சுக்கிட்டு உக்கார வேணாம், இவளை அம்மாகிட்டயே கூட்டிட்டுக் கிளம்புங்க. அதோ அட்டையும் வந்துடுச்சு. கூடையையும் எடுத்துக்குங்க, காலியா தூக்கிட்டுப் போனா எங்க வீட்டுக்காரர் சிரிப்பாரு. உள்ள விரிச்சிருக்கிற துண்டைத் துவைச்சிடாதீங்க, ரெண்டு நாளைக்கு அப்படியே இருக்கட்டும். இடி இடிச்சா கட்டிலுக்கடியில போயிடுவா. கூப்பிட்டா வர மாட்டா. பக்கத்துல தரையில சும்மா உக்காரச் சொல்லுங்க அம்மாவை, தானா வருவா. தம்பி... கார்ல கூடையை அந்தப் பக்கமா வெச்சுக்கிட்டுப் போங்க. நான் இங்க நிக்கிறத அவ பாக்க வேணாம்.